டொனால்டை ஊரே பார்த்துக்கொண்டது!

ஆட்டிசம் என்றதும் ஒரு குழந்தையின் முகம்தான் நம் மனதில் வருகிறது. அந்தக் குழந்தைக்கும் நாற்பது வயதாகும், எழுபது வயதாகும். 'எங்க காலத்துக்கு அப்புறம் இவன் என்ன பண்ணுவான்?' என்று தூக்கம் தொலைக்கும் பெற்றோர் எத்தனையோ பேர். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர் ஒருவர் இருக்கிறார்.

அவர் பெயர் டொனால்டு டிரிப்லெட். 1933-ல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். சின்ன வயதில் யாரிடமும் ஒட்ட மாட்டார். எதையாவது சுழற்றிக்கொண்டே இருப்பதில்தான் சந்தோஷம். டாக்டர்கள் சொன்னார்கள் என்று, மூன்று வயதிலேயே அவரை ஒரு காப்பகத்தில் விட்டார்கள். மனசு கேட்காமல் சுமார் ஒரு வருடத்தில் பெற்றோரே திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள்.

பிறகு மகனைப் பற்றி 33 பக்கங்களுக்குக் கடிதம் எழுதிய அப்பா, பால்டிமோரில் இருந்த டாக்டர் லியோ கேனரிடம் அவரைக் கூட்டிப்போனார். 1943-ல் கேனர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் 11 குழந்தைகள் இடம்பெற்றார்கள். அதில் முதல் குழந்தை டொனால்டு. ஆட்டிசம் என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டவர் அவர்தான்.

சில வருடங்கள் ஒரு விவசாயத் தம்பதி வீட்டில் வளர்ந்தார். எதையாவது எண்ணுவதும் அளப்பதும் அவர் பழக்கம். அவர்கள் அதைத் தடுக்கவில்லை. கிணற்றின் ஆழத்தை அளக்கச் சொன்னார்கள். உழும்போது சோள வரிசைகளை எண்ண விட்டார்கள்.

அந்தப் பையன் கல்லூரியில் பிரெஞ்சு படித்துப் பட்டம் வாங்கினார். தாய்வழிக் குடும்பத்தின் வங்கியில் பல்லாண்டுகள் வேலை பார்த்தார். 27 வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கோல்ஃப் ஆடினார். தனியாகவே பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார்.

ஆட்டிசம் போய்விட்டதா? இல்லை. கடைசி வரை அளந்துதான் பேசினார். பேச்சுக்கு நடுவிலேயே சட்டென்று எழுந்து போய்விடுவார். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஓர் எண் வைத்து, வருடங்கள் கழித்தும் அதைச் சரியாகச் சொல்வார். ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. 'அது டொனால்டு வச்ச நம்பர்' என்று ஏற்றுக்கொண்டார்கள்.

வசதியான குடும்பம் என்பது உண்மைதான். ஆனால், ஊராரின் பாசத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாதே! பின்னாளில் அவரைத் தேடி வந்த பத்திரிகையாளர்களை, 'அவர் மனசு நோகும்படி ஏதாவது செய்தால் சும்மா விட மாட்டோம்' என்று ஊர்க்காரர்கள் எச்சரித்தே அனுப்பினார்கள். 2023-ல், 89 வயதில் டொனால்டு காலமானார்.

உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். முகம் பார்த்துப் பேசாமல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். நாளைக்கு அவர் வந்து கேட்டால், பத்தாவது தடவையாக இருந்தாலும் நின்று பதில் சொல்லிவிட்டுப் போங்களேன். அவருடைய அம்மா அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவார்.