பிளாக்செயின் நுழைவுச்சீட்டு

பிளாக்செயின் நுழைவுச்சீட்டு என்பது பல கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும், எளிதில் திருத்த இயலாத பேரேட்டில் தனி எண்ணுடன் பதியப்படும் எண்ணிமச் சீட்டு ஆகும். சீட்டு கைமாறுவதும் பதிவாவதால் போலிகளைக் கண்டறிவது எளிதாகிறது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம், அவெஞ்டு செவன்ஃபோல்டு இசைக்குழுவின் எண்ணிம வில்லை (என்எஃப்டி) வைத்திருந்த இரசிகர்களுக்கு இத்தொழில்நுட்பத்தின் வழியே முன்னுரிமை விற்பனையை நடத்தியது.

2023 செப்டம்பர் 10 அன்று சென்னை பனையூரில் நடந்த ஏ. ஆர். ரகுமானின் "மறக்குமா நெஞ்சம்" இசை நிகழ்ச்சியில், சீட்டு வாங்கிய பலர் நெரிசலால் உள்ளே செல்ல இயலாமல் திரும்பினர். அளவுக்கு மீறிச் சீட்டுகள் விற்கப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பேரேடு அனைவரும் காணக்கூடியதாக இருப்பின், வழங்கப்பட்ட சீட்டுகளின் எண்ணிக்கையை எவரும் முன்கூட்டியே சரிபார்க்கலாம். ஆயினும் திடலின் கொள்ளளவை வரையறுப்பதும் வாயில்களை ஒழுங்குபடுத்துவதும் அமைப்பாளர், காவல்துறை ஆகியோரின் பொறுப்பாகவே இருக்கும்.