சைலன்சர் என்று பெயர்

திருவொற்றியூர் புல்லட்டும் சத்தம் போட்ட வண்டிதான். ஆனால் அந்த 'டப் டப்' இன்ஜினின் சொந்தக் குரல். இப்போது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு லஸ் கார்னரைக் கிழித்துக்கொண்டு போவது வேறு. சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் தடுப்புகளைக் கழற்றிவிட்டு, அதற்குக் காசும் கொடுக்கிறார்கள்! மாத்திரை போட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தவர், விடியும்வரை விழித்திருக்க வேண்டியதுதான்.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் லைசென்ஸும் போகும். பையனைப் பிடிப்பது சரி. மாட்டிக்கொடுத்த கடைக்காரரையும் பிடிக்க வேண்டாமா?

பேட்டரி ஸ்கூட்டர் பின்னால் வருவதே தெரியவில்லை என்று மாட வீதியில் நண்பர்கள் குறைப்படுகிறார்கள். வாஸ்தவம்தான். மெதுவாக வந்து, ஒரு தடவை ஹாரன் அடித்தால் ஒதுங்கிக்கொள்ள மாட்டோமா?