4 மணி நேரத்தில் விமானம் போகும். அம்மாவைப் பார்க்க 7 நாள் மோட்டார்ஹோமில் போவது ஏன்?

அமெரிக்க நெடுஞ்சாலையில் வலது ஓரமாக, பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு, மெதுவாக ஊர்ந்து போகும் பெரிய மோட்டார்ஹோமைப் பார்த்தால், 'ரிட்டயர் ஆன பெருசுங்க, ஜாலியா ஊர் சுத்துறாங்க' என்றுதான் தோன்றும். பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால், கிராண்ட் கேன்யனுக்குப் போகும் அதே வண்டிதான் மிச்சிகனில் தனியாக இருக்கும் 91 வயது அம்மாவின் வீட்டுக்கும் போகிறது. இந்த இரண்டாவது வகைப் பயணத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஓர் உதாரணம். கணவருக்கு 70 வயது, மனைவிக்கு 68. பனிக்கும் குளிருக்கும் பயந்து, ரிட்டயர் ஆன கையோடு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பக்கம் குடியேறியவர்கள். இப்படி இடம்பெயர்வது அங்கே புதிதல்ல. ஓய்வுபெற்றவர்களுக்காகவே கட்டப்பட்ட 'சன் சிட்டி' ஃபீனிக்ஸ் அருகே 1960-லேயே திறக்கப்பட்டுவிட்டது. அம்மா மட்டும் டெட்ராய்ட் பக்கம், பழைய வீட்டிலேயே இருந்துவிட்டார். இப்போது அவருக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டே வருகிறது. நாளைக்கே எதுவும் ஆகிவிடாது. ஆனால் போன வருஷம் இருந்த மாதிரி இந்த வருஷம் இல்லை.

ஃபீனிக்ஸிலிருந்து டெட்ராய்ட் சாலை வழியாகச் சுமார் 2,000 மைல், அதாவது 3,200 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லி போவதைவிட அதிகம். நேரடி விமானம் என்றால் சுமார் 4 மணி நேரம்தான். மோட்டார்ஹோம்காரர்களிடையே '3-3-3' என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மதியம் 3 மணிக்குள் நிறுத்திவிடு, முடிந்தால் ஓரிடத்தில் 3 ராத்திரி தங்கு. கடைசி விதியை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் கடைப்பிடித்தால்கூட 7 நாள் ஆகும். ஃபிளாக்ஸ்டாஃப் வரை மலையேற்றம், நியூ மெக்சிகோவிலும் டெக்சஸின் வடக்கு முனையிலும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று, வசந்த காலமானால் ஓக்லஹோமாவில் சூறாவளி எச்சரிக்கை... 70 வயதில் ஸ்டீயரிங் பிடிக்கிறவருக்கு இது சும்மா இல்லை.

சரி, பணமாவது மிச்சமா? அதுவும் கிடையாது. பெரிய மோட்டார்ஹோம் ஒரு கேலனுக்கு 8 மைல் போனால் பெரிய விஷயம். நம் கணக்கில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்கூட வராது. கேலன் 3.50 டாலர் என்று வைத்தால் ஒருவழிக்கே 875 டாலர் பெட்ரோல். இரண்டு பேர் விமானத்தில் பெரும்பாலும் இதைவிடக் குறைவான செலவில் போய்விடலாம்.

அப்புறம் எதுக்கு இந்த வம்பு?

போய்ச் சேர்வதற்கு அல்ல, தங்குவதற்கு

விமானத்தில் போகிறவர் டிக்கெட் எடுக்கும்போதே திரும்பும் தேதியையும் போட்டுவிடுகிறார். வியாழன் போய், திங்கள் திரும்புவார். அந்த நான்கு நாளும் அம்மா 'விருந்தாளி வந்திருக்காங்க' என்ற பரபரப்பிலேயே இருப்பார். நல்ல உடை உடுத்தி, வலியை மறைத்து, 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லி அனுப்பிவிடுவார். போனில் சொல்வதும் அதேதான்.

மூன்று வாரம் வாசலில் வண்டியை நிறுத்திக் கிடப்பவர் பார்ப்பது வேறு. மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமை மாத்திரை புதன் வரை அப்படியே இருக்கும், அல்லது காலையில் போட்டதையே மதியமும் போட்டிருப்பார். ஃபிரிட்ஜில் தேதி முடிந்த பால். பிரிக்காத கரன்ட் பில். குளியலறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளும் கை. இதெல்லாம் முதல் நான்கு நாளில் கண்ணில் படாது.

கூடவே, ராத்திரி ஆனால் பிள்ளைகள் தங்கள் வண்டிக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் படுக்கை, அவர்கள் கழிவறை, அவர்களுடைய இன்சுலின் வைத்த ஃபிரிட்ஜ் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. 91 வயதுக்காரருக்கு யாருக்காகவும் கெஸ்ட் ரூம் ஒழிக்க வேண்டியதில்லை, காலையில் சீக்கிரம் எழுந்து காபி போட வேண்டியதும் இல்லை. பக்கத்திலும் இருக்கலாம், மேலே விழாமலும் இருக்கலாம். உறவினர் வீட்டு வாசலில் இப்படி வண்டியைப் போட்டுத் தங்குவதற்கு அங்கே 'மூச்டாக்கிங்' என்று கேலிப்பெயர். நம் பாஷையில் 'ஓசி பார்க்கிங்'. கேலி இருக்கட்டும், நோயாளியின் வீட்டுக்கு இதைவிட மரியாதையான தங்கல் கிடைப்பது கஷ்டம்.

இந்த நாட்களில்தான் முக்கியமான காகித வேலைகளும் நடக்கும். அம்மாவால் முடிவெடுக்க முடியாமல் போனால் மருத்துவ முடிவை யார் எடுப்பது, வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். இன்னொன்று பணம். 65 வயதானவர்களுக்கான அரசின் மெடிகேர் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட, துணைக்கு இருக்க என்று நீண்ட காலத்துக்கு ஆள் வைக்கும் செலவைத் தராது. முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கும் அப்படித்தான்: ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகான சிகிச்சைக்கு அதிகபட்சம் 100 நாள், அதிலும் முழுச் செலவு முதல் 20 நாளுக்கு மட்டும். அதன் பிறகு கைக்காசு. சேமிப்பு கிட்டத்தட்டக் கரைந்தவர்களுக்கு மெடிகெய்ட். 'மெடிகேர் பார்த்துக்கும்' என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்த உண்மை அவசரத்தில் தெரியவருவதுதான் கொடுமை.

எல்லாம் சுகமில்லை

மோட்டார்ஹோமை நம்பி நவம்பரில் மிச்சிகன் கிளம்பினால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். வட மாநிலங்களில் பல காம்ப்கிரவுண்டுகள் அக்டோபரில் மூடினால் ஏப்ரல், மே மாதத்தில்தான் திறக்கும். நோய் அதுவரை காத்திருக்காது.

கோடையிலும் சிக்கல் உண்டு. வண்டிக்கு 30 அல்லது 50 ஆம்ப் மின்சாரம் வேண்டும். வீட்டு பிளக்கில் வருவது 15 ஆம்ப். ஏசியையும் மைக்ரோவேவையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போகும். கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் அதற்கான இடம் தேடி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பல குடியிருப்புச் சங்கங்கள், ஏன் நகராட்சிகளே, வீட்டு வாசலில் மோட்டார்ஹோம் ஓரிரு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. அப்போது பக்கத்துக் காம்ப்கிரவுண்டுக்கு மாத வாடகை கட்டி, இழுத்துவந்த காரில் அம்மா வீட்டுக்குப் போய்வர வேண்டும்.

பார்க்கப் போகிறவர்களும் மருந்துச்சீட்டு வைத்திருப்பவர்கள்தான். வழக்கமான மெடிகேர் நாடு முழுக்கச் செல்லும். ஆனால், தனியார் நிறுவனங்கள் நடத்தும் 'மெடிகேர் அட்வான்டேஜ்' எடுத்தவர்களில் பலருக்கு, சொந்த ஊரை விட்டு வெளியே போனால் அவசர சிகிச்சை தவிர மற்றதற்குக் கவரேஜ் கிடைக்காது. கிளம்பும் முன் டயர் காற்றுக்கு முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். 'உடனே கிளம்பி வாங்க' என்று போன் வந்த பிறகு மோட்டார்ஹோமுக்கு வேலையே இல்லை; விமானம்தான். மெதுவான வண்டி மெதுவான நோய்க்குத்தான் சரி. அம்மா உட்கார்ந்து பேசும் நிலையில் இருக்கும்போது, 'இப்ப என்ன அவசரம், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடத் தோன்றும்போது கிளம்ப வேண்டிய பயணம் இது.

அம்மாவையே ஏற்றிக்கொண்டு போனால்?

அதையும் செய்திருக்கிறார்கள். மிச்சிகனைச் சேர்ந்த நார்மா என்ற மூதாட்டிக்கு 2015-ல், 90 வயதில், கருப்பையில் புற்றுநோய் தெரிந்தது. கணவர் இறந்த அதே சமயம். அறுவை சிகிச்சை, கீமோ எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே டிரெய்லரில் ஊர் ஊராக வாழ்ந்துகொண்டிருந்த மகன், மருமகளோடு மோட்டார்ஹோமில் ஏறிவிட்டார். ஓராண்டுக்கும் மேல் ஊர் சுற்றி, 2016 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் காலமானார். 'டிரைவிங் மிஸ் நார்மா' என்ற பெயரில் ஃபேஸ்புக் பக்கமாகவும், பிறகு புத்தகமாகவும் அந்தக் கதை பிரபலமானது.

அழகான கதைதான். ஆனால், எல்லோருக்கும் பொருந்தாது. நார்மாவுக்கு மனம் தெளிவாக இருந்தது, முடிவும் அவருடையது. மறதி நோய் முற்றியவர்களுக்குத் தினம் ஓர் ஊர் என்பது சுகமல்ல, பயம். ராத்திரி எழுந்து கழிவறை எங்கே என்று தேடுகிறவருக்குப் பழகிய வீடுதான் பாதுகாப்பு. அவருக்காகப் பிள்ளைகள்தான் இடம் மாற வேண்டும்.

நேரம் யாரிடம் இருக்கிறது?

ரிட்டயர் ஆனவர்களிடம் மூன்று வாரம் இருக்கிறது. உடம்பில் தெம்பு குறைவு. 35 வயதுக்காரரிடம் தெம்பு இருக்கிறது; லீவு இல்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே உதவும். 1993-ல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின்படி, கடுமையாக நோயுற்ற அப்பா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்கு 12 வாரம் விடுப்பு எடுக்கலாம். சம்பளம் கிடையாது, ஆனால் வேலை போகாது. நிறுவனத்தில் 50 பேராவது இருக்க வேண்டும்; அங்கே ஓராண்டு வேலை பார்த்திருக்க வேண்டும்; கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரமாவது உழைத்திருக்க வேண்டும். மாமனார், மாமியாருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களின் சொந்தச் சட்டங்கள்தான் அவர்களையும் சேர்த்திருக்கின்றன.

அம்மா டெட்ராய்ட்டில் இல்லை, மதுரையில் இருக்கிறார் என்றால்? அப்போதும் கேட்கலாம். வெளிநாட்டில் வசிக்கும் பெற்றோருக்கு அந்த நாட்டு மருத்துவர் தரும் சான்றிதழையே நிறுவனம் ஏற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மதுரை டாக்டரின் சான்றிதழ் தமிழில் இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பையும் கேட்பார்கள்.