படகுக்கு டீசல் கணப்பு: பிராண்டை விடுங்க, புகைபோக்கியைப் பாருங்க

மக்களே, இந்தத் தடவை சினிமா, அரசியல், ஆபீஸ் புலம்பல் எதுவும் கிடையாது. படகுல குளிர் காயறதைப் பத்தின பதிவு. "உனக்கும் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு நீங்க கேக்கறது காதுல விழுது. இங்கே இங்கிலாந்துல என்கூடப் பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் கால்வாய்ப் படகுலதான் குடியிருக்கார். பழைய கணப்பு ஆயுசை முடிச்சிடுச்சு, குளிர்காலத்துக்குள்ள புதுசு வாங்கணும். ஒரு மாசமா மதியச் சாப்பாட்டு நேரம் பூரா எங்களுக்கு இதே வாக்குவாதம்தான். அவர்கிட்ட சொன்னதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல நிலவரம். இந்தக் கால்வாய்கள்ல ஓடுற படகுக்கு நேரோபோட்னு பேரு. அகலம் சுமார் 2.1 மீட்டர்தான், ஏன்னா பழைய லாக்குகளோட அகலமே ஏழடிதான். நீளம் மட்டும் 15, 18 மீட்டர்னு ரயில் பெட்டி மாதிரி போகும். உடம்பு முழுக்க இரும்பு. நிரந்தரமா கட்டிப்போட இடம் இல்லாதவங்க 1995ஆம் வருஷச் சட்டப்படி ஒரே இடத்துல 14 நாளுக்கு மேல நிக்கக்கூடாது, நகர்ந்துக்கிட்டே இருக்கணும். அதாவது, கரையில பிளக் மாட்டி கரண்ட் எடுக்கிற வசதி கிடையாது. படகுல இருக்கிற பேட்டரிதான் எல்லாத்துக்கும். இதை மனசுல வெச்சுக்கங்க, மொத்த வாதமும் இதுமேலதான் நிக்குது.

டீசல்ல குளிர் காய ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சுவிட்ச் போட்டா எரியற ஹீட்டர். ஜெர்மனியோட வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் மாதிரி. இப்போ இதே வடிவத்துல சீனத் தயாரிப்புகள் ரொம்ப மலிவா வருது. லாரி டிரைவர் கேபினுக்கும் வண்டிகளுக்கும் பேர் போன சமாச்சாரம் இது. உள்ள ஒரு சின்ன பம்ப், ஒரு ஃபேன், பத்தவைக்க ஒரு குளோ பிளக், எல்லாத்தையும் மேய்க்க ஒரு சர்க்யூட் போர்டு. இன்னொண்ணு, சொட்டு டீசல் கணப்பு. டென்மார்க்கோட ரெஃப்ளெக்ஸ், கனடாவோட டிக்கின்சன் மாதிரி. மீன்பிடிப் படகுகள்ல பழகின சாமான். டேங்க்ல இருந்து டீசல் தானா கீழே இறங்கி, ஒரு மிதவை வால்வு அளந்து விட, அடியில இருக்கிற எரிசட்டிக்குள்ள வழியும். சட்டிச் சூட்டுல டீசல் ஆவியாகும், பக்கத்து ஓட்டைகள் வழியா காத்து வரும், தீ எரியும். அவ்வளவுதான். கரண்ட் தேவையில்லை.

என் கட்சி ரெண்டாவது. படகுலேயே குடியிருக்கிறவங்களுக்கு சொட்டு டீசல் கணப்புதான் சரி. ஏன்னு கணக்குப் போட்டுப் பாப்போம்.

ஹீட்டர் ஓடும்போது சராசரியா 25 வாட் இழுக்குதுன்னு வைங்க. கடுங்குளிர்ல 24 மணி நேரமும் ஓடினா 600 வாட்-மணி. 12 வோல்ட்டுக்கு 50 ஆம்பியர்-மணி. 110 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில பாதிக்கு மேல எடுத்தா அதோட ஆயுசு குறையும். ஆக, ஒரு பேட்டரியோட ஒரு நாள் உழைப்பு பூரா ஹீட்டருக்கே போயிடுது. லைட், தண்ணி பம்ப், நம்ம லேப்டாப் எல்லாம் பாக்கி. டிசம்பர்ல லண்டன்ல பகல் எட்டு மணி நேரம்கூட கிடையாது, சோலார் பேனல் சும்மா அலங்காரத்துக்குத்தான். என்ஜின் ஓட்டி சார்ஜ் ஏத்தலாம்னா, பக்கத்துல ஆளுங்க இருக்கிற இடத்துல ராத்திரி எட்டுல இருந்து காலையில எட்டு வரைக்கும் ஓட்டக்கூடாது. வோல்டேஜ் இறங்கினா ஹீட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கும். எப்போ? கரெக்டா விடிகாலை மூணு மணிக்கு :-)

நம்ம பாஷையில சொன்னா, குளிர்ல உயிரைக் காப்பாத்துற ஒரு சர்வீஸை, படகுல இருக்கிறதிலேயே பலவீனமான சர்வர்ல ஓட விடுறோம்.

எண்ணெய்ச் செலவுல பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 10 கிலோவாட்-மணி சூடு இருக்கு. நாள் முழுக்க 2 கிலோவாட் வேணும்னா 48. கணப்பு அதுல 70 சதவீதத்தை உள்ளே தருதுன்னு வெச்சா ஒரு நாளைக்கு ஏழு லிட்டர். ஹீட்டர் கொஞ்சம் சிக்கனம்தான், ஒப்புக்கறேன். அந்த மிச்சம் பேட்டரி மாத்துற செலவுலயும் என்ஜின் ஓட்டற டீசல்லயும் போயிடும்.

சரி, கணப்பு வாங்கறவங்க என்ன பாக்கணும்?

முதல்ல அளவு. "பெருசா வாங்கி மெதுவா எரியவிடலாம்"ங்கிறதுதான் எல்லாரும் பண்ற வேலை. சொட்டு டீசல் கணப்புக்கு இது ஆகவே ஆகாது. தீ சின்னதானா சட்டி சூடாகாது, டீசல் முழுசா எரியாது, கரி கட்டும், குழாய் அடைக்கும். சிக்கனம் பண்றதா நினைச்சு புகைபோக்கிக்குள்ள டீசலைப் பூசிக்கிட்டு இருப்போம். நல்லா இன்சுலேஷன் பண்ணின நேரோபோட்டுக்கு 4, 5 கிலோவாட் தாராளம். சின்னதா வாங்குங்க, நல்லா எரிய விடுங்க.

ரெண்டாவது, டேங்க். நேரோபோட்ல டீசல் டேங்க் பின்னாடி இருக்கும், கணப்பு பெரும்பாலும் முன்னாடி. எண்ணெய் தானா ஓடி வராது. கணப்பை விட உயரத்துல ஒரு சின்ன டேங்க் வெச்சு, கைப்பம்ப்ல தினம் நிரப்பிக்கலாம். அதேபோல மிதவை வால்வு மட்டமா இருக்கணும். தண்ணி டேங்க் வழக்கமா மூக்குப் பக்கம் இருக்கிறதால, அது காலியாகக் காலியாக மூக்கு தூக்கும். டேங்க் பாதி இருக்கும்போது மட்டம் பாத்துப் பொருத்தறது புத்திசாலித்தனம்.

மூணாவது, புகைபோக்கி. காத்தை இழுக்கிற என்ஜினே அதுதான். நேரா, முடிஞ்ச அளவு உயரமா, வளைவு கம்மியா இருக்கணும். காத்து மேலே இருந்து அமுக்கினா தீ திணறும், புகை உள்ளே வரும். அதுக்கு நல்ல மூடி போடணும். கணப்புக்கு ஆயிரக்கணக்குல பவுண்டு கொடுத்துட்டு புகைபோக்கியில கஞ்சத்தனம் பண்றவங்களை என்னன்னு சொல்றது!

பத்தவைக்கிறதுல ஒரே ஒரு விதி. அணைஞ்சு போன கணப்பு ஆறுற வரைக்கும் திரும்பப் பத்த வைக்காதீங்க. சூடான சட்டியில தேங்கின டீசல் ஆவியா நிறைஞ்சிருக்கும், தீ பட்டா 'புஸ்'னு வெடிச்சுக் கிளம்பும். பெட்ரோலை அந்தப் பக்கமே கொண்டு போகக்கூடாது.

இப்போ நான் இவ்வளவு சண்டை போடறதுக்குக் காரணம். நண்பர் கடைசியில, மலிவு ஹீட்டர் ஒண்ணை தானே மாட்டிக்கலாம்னு இருக்கார். யோசிச்சுப் பாருங்க. லாரியில இந்த ஹீட்டரோட புகைக்குழாய் கசிஞ்சா, புகை பெரும்பாலும் ரோட்டுக்குப் போயிடும். படகுல அதே குழாய் நாம தூங்கற தகரப் பெட்டிக்குள்ளயே ஓடி வெளியே போகுது. இணைப்பு கழண்டா புகை உள்ளேதான். 2019 டிசம்பர்ல யார்க் நகரத்துல, ஊஸ் ஆத்துல கட்டியிருந்த டைவர்ஷன்ங்கிற மோட்டார் படகுல நடந்தது இதுதான். டீசல் ஹீட்டரோட புகைக்குழாய் இணைப்பு கழண்டு, கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்து, ராத்திரி படுத்த ரெண்டு பேர் எழுந்திரிக்கவே இல்லை. படகுல அலாரம் இல்லை. இத்தனைக்கும் குடியிருக்கிற வசதியுள்ள படகுக்கு அலாரம் கட்டாயம்னு படகுப் பாதுகாப்புத் திட்டத்துல விதி வந்தது அதே வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி.

அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தலைவலி வரும், "சளி பிடிச்சிருக்கு போல"ன்னு படுப்போம். இதுல சொட்டு டீசல் கணப்பும் சொக்கத்தங்கம் இல்லை. கரி அடைச்ச புகைபோக்கியும், குளிருதுன்னு துணி திணிச்ச காத்து ஓட்டையும் சேர்ந்தா அதுவும் கொல்லும். ஆனா அது கெட்டுப்போறது கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி கறுக்கும், புகை நாத்தம் வரும். ஹீட்டரோ பெட்டிக்குள்ள, என்ஜின் பக்கத்துல, பாக்காத மூலையில இருக்கும். கெட்டா சொல்லிட்டுக் கெடற மெஷின்தான் எனக்கு வேணும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. மாசத்துல ரெண்டு வார இறுதி மட்டும் படகுக்குப் போறவருக்கு ஹீட்டர்தான் சரி. பத்து நிமிஷத்துல சூடு, சட்டி தேய்க்கிற வேலை இல்லை. கரையில கரண்ட் இருக்கிற இடத்துல நிரந்தரமா கட்டியிருக்கிறவருக்கும் அப்படியே. ஆனா அதுக்குன்னு இருக்கிற படகுப் புகைக்குழாயை, தெரிஞ்ச ஆளை வெச்சு மாட்டணும்.

எதை வாங்கினாலும் காசு இந்த வரிசையில போகட்டும்: முதல்ல 50291 தரச்சான்று உள்ள அலாரம், படுக்கிற இடத்துலயும் ஒண்ணு. அடுத்து புகைபோக்கி. அடுத்து காத்து வர்ற வழி. கடைசியா கணப்பு. நண்பருக்கு அலாரம் ரெண்டும் நானே வாங்கிக் கொடுத்துட்டேன். கணப்பு விஷயத்துல சண்டை நாளைக்கு மதியமும் தொடரும்.