சீர்வரிசைத் தட்டில் பீரோ சாவி

டிஸ்கி: கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம்.

பாரிவாக்கத்துல என் ஃப்ரெண்டு ஒருத்தன் தண்ணி கேன் போடுறான். ஆர்டரை நோட்டுல எழுதி மாளலைன்னு புலம்பினான். நாமதான் இஞ்சினியராச்சே! ரெண்டு சனி ஞாயிறு உட்கார்ந்து ஜாங்கோவுல சின்னதா ஒரு சைட் செஞ்சு குடுத்தேன். எந்த ஃப்ளாட்டுக்கு எத்தனை கேன்னு அந்த அபார்ட்மெண்ட்காரங்க எல்லாரும் பார்க்கலாம்.

ஆறு மாசம் கழிச்சு, "கஸ்டமர் பத்தி நான் மட்டும் பார்க்கற மாதிரி குறிப்பு எழுத ஒரு இடம் வேணும்டா"ன்னான். மாடல்ல ஒரு வரி சேர்த்தேன். அஞ்சு நிமிஷ வேலை. முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

இங்க கொஞ்சம் பாடம் எடுத்துக்கறேன். சர்வர் மெமரில இருக்கற ஒரு கஸ்டமர் ஆப்ஜெக்ட்டுக்கு ஃப்ளாட், ஆர்டர், பாக்கின்னு ஏகப்பட்ட சொந்தபந்தம். அப்படியே தூக்கி பிரவுசருக்கு அனுப்ப முடியாது. ஜேசான் மாதிரி வெறும் எழுத்தா வரிசைப்படுத்தி அனுப்பணும். இதான் சீரியலைசேஷன். நம்ம ஊர் கல்யாணத்து சீர்வரிசை மாதிரி. தட்டுல என்ன வைக்கறதுன்னு வீட்டுப் பெரியவங்க எண்ணி எண்ணி வைப்பாங்க இல்லையா?

நான் எண்ணலை. ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்குல எந்தெந்த ஃபீல்டு போகணும்னு எழுத வேண்டிய இடத்துல 'ஆல்'னு ஒத்தை வார்த்தை போட்டிருந்தேன். இருக்கறது எல்லாம் போகும். நாளைக்குச் சேர்க்கப் போறதும் போகும்!

குறிப்பு ஸ்கிரீன்ல எங்கயும் தெரியலை. ஆனா பிரவுசர் வரைக்கும் வந்துடுச்சு. அதே அபார்ட்மெண்ட்ல ஒரு காலேஜ் பையன் எஃப்12 தட்டி நெட்வொர்க் டேபைப் பார்த்திருக்கான். ஒரு ரிடையர்டு வாத்தியார் ஃப்ளாட்டுக்கு நேரா "மூணு மாச பாக்கி, இனி கடன் கிடையாது"ன்னு இருந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள மொத்த பிளாக்குக்கும் தெரிஞ்சுடுச்சு. மறுநாள் காலைல வாத்தியார் கடைக்கு வந்து பைசா பாக்கியில்லாம எண்ணி வச்சுட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டாராம். அதோட அவர் வீட்டுக்குக் கேன் கிடையாது.

என் கருத்து இதுதான்: வெளியே போற ஒவ்வொரு ஃபீல்டையும் கையால பேர் சொல்லி எழுதணும். "இதைத் தவிர மத்தது"ன்னு சொல்ற எக்ஸ்க்ளூடும் அதே கதைதான். புதுசா வர்ற ஃபீல்டு அந்த விலக்குப் பட்டியல்ல இருக்காதே.

பைத்தானோட ஜேசான் மாட்யூல் கிட்ட ஒரு தேதியையோ டெசிமலையோ குடுத்தா, "எனக்குத் தெரியாது"ன்னு டைப்எரர் அடிச்சு நிக்கும். திட்டுவோம். ஆனா அது நல்ல பிள்ளை. தெரியாததை அனுப்ப மாட்டேங்குது. எரரே வராம அழகா வேலை செய்யற 'ஆல்'தான் ஆளைக் கவுக்குது.

இது என் ஒருத்தனோட முட்டாள்தனம் மட்டும் இல்ல. 2012 மார்ச்ல கிட்ஹப்லயே நடந்தது. அது உள்ளே வர்ற வழி. ஃபார்ம்ல வர்ற எந்தெந்த ஃபீல்டை ஏத்துக்கலாம்னு சரியா கட்டுப்படுத்தாததால, ஒருத்தர் தன்னோட சாவியை ரெயில்ஸ் கணக்குல சேர்த்துக் காட்டினார். ஜாங்கோவும் 2015ல வந்த 1.8லேர்ந்து, மாடல்ஃபார்ம்ல ஃபீல்டு பட்டியலோ விலக்குப் பட்டியலோ எழுதியே ஆகணும்னு ஆக்கிடுச்சு. ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்குலயும் அதே கட்டாயம். ஆனா ரெண்டுலயும் 'ஆல்'ங்கற சந்து திறந்தே இருக்கு. நான் போனது அந்த சந்துலதான்.

"ஒரே விஷயத்தை ரெண்டு இடத்துல எழுதாதேன்னுதானே படிச்சோம்?"னு கேப்பீங்க. மாடல் சொல்றது என்ன வச்சிருக்கோம்னு. சீரியலைசர் சொல்றது யாருக்கு எதைக் காட்டலாம்னு. ரெண்டும் வேற வேற விஷயம் சாமி.

இப்ப கடைக்காரனுக்கு ஒரு சீரியலைசர், குடியிருக்கறவங்களுக்கு ஒண்ணு. வெளியே போற ஃபீல்டு பேர் சரியா நாலுதானான்னு பார்க்க ஒரு டெஸ்ட். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம்.

வாத்தியார் கிட்ட மன்னிப்பு கேட்கப் போனேன். "பரவாயில்லப்பா"ன்னு காபி குடுத்தார். கேன் மட்டும் இன்னும் வேற கடைலதான் வாங்கறார்.

உங்க ப்ராஜெக்ட்ல 'ஆல்'னு ஒருதரம் தேடிப் பாருங்க மக்கா. எத்தனை சிக்குச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. என்னோடதுல ஏழு!