பகிர்ந்தால் காப்பியடிப்பார்களா?

பிள்ளைகள் ஸ்க்ராட்ச் என்ற நிரலாக்க மென்பொருளில் செய்யும் விளையாட்டுகளையும் கதைகளையும் அவரவர் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் போதும். எல்லாரும் பார்க்கும் சர்வரில் ஏற்றினால் அடுத்தவன் காப்பியடிப்பான், முகம் தெரியாதவர்கள் வந்து பேசுவார்கள், இணையம் போனால் எல்லாம் போச்சு. ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி சொல்லும் வாதம் இது. இதில் கடைசிக் குறைக்கு மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு.

காப்பி விஷயத்தை முதலில் பார்ப்போம். எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் ஸ்க்ராட்சை வெளியிட்டபோதே, மென்பொருளோடு பகிர்வுத் தளமும் சேர்ந்துதான் வந்தது. அங்கே பகிரப்படும் எல்லாப் படைப்புக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உண்டு: செய்தவர் பெயரைச் சொல்லி, மாற்றியதையும் அதே உரிமத்தில் விட்டால் யாரும் எடுத்து மாற்றலாம். சுவரில் மோதிய பந்து எப்படித் திரும்புகிறது என்று தெரிய வேண்டுமானால் படைப்பின் உள்ளே போய்ப் பார்க்கலாம்; கட்டளைக் கட்டங்கள் அத்தனையும் கண்ணெதிரே இருக்கும். ஓர் எண்ணை மாற்றினால் பந்து வேகமெடுக்கும். அதை 'ரீமிக்ஸ்' என்று சேமித்தால் மூலப் படைப்பாளியின் பெயரைத் தளமே போட்டுவிடும்.

கோப்பை இறக்கித் தன்னுடையதென்று ஏற்றுகிற கில்லாடிகளும் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் முதலில் ஏற்றியவரின் பக்கம் தேதியோடு அங்கேயே நிற்கும். பென்டிரைவிலிருந்து பென்டிரைவுக்குப் போன கோப்புக்கு அப்படி என்ன சாட்சி இருக்கிறது? காப்பிக்கு அஞ்சுகிறவர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது பென்டிரைவுக்குத்தான்.

தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆந்த்ரேஸ் மொன்ராய் எர்னாந்தெஸும் சக ஆய்வாளர்களும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினி தானாகப் போடும் பெயர் பிள்ளைகளுக்குப் பெரிதாகப் படவில்லை; எடுத்தவரே கைப்பட நன்றி எழுதினால்தான் மனம் நிறைகிறது என்று அதில் தெரிந்தது. அந்த நன்றியை எழுதக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் வேலை, சர்வர் செய்யாது. 2013இல் மொன்ராய் எர்னாந்தெஸும் ஆய்வாளர் பெஞ்சமின் மாகோ ஹில்லும் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எதிர்த்தரப்புக்குக் கைகொடுப்பதுபோலத் தோன்றும்: பலரை ரீமிக்ஸ் செய்யத் தூண்டும் படைப்புகளிலிருந்து பிறப்பவற்றில் புதுமை குறைவு என்றது அது. இருக்கட்டுமே! சரளி வரிசை பாடும் பிள்ளையிடம் யாரும் புதுமை கேட்பதில்லை.

அடுத்தது பாதுகாப்பு. கணக்கில் சேமித்ததெல்லாம் உடனே ஊருக்குத் தெரிந்துவிடாது. 'பகிர்' பொத்தானை அழுத்தும்வரை மற்றவர் கண்ணில் படாது. தளத்தில் தனிச்செய்தி அனுப்பும் வசதியே கிடையாது. சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் வைத்துக்கொள் என்று கணக்குத் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். கருத்துப் பகுதியை மூடி வைக்கலாம். தவறாக எழுதுபவர்மீது புகார் கொடுக்கலாம். ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கையில் வீட்டு வாட்ஸ்அப்பைத் தயங்காமல் கொடுப்பவர்கள் இந்தத் தளத்தைக் கண்டு மட்டும் பதறுவது வேடிக்கைதான்.

இணையம் இல்லாத லேப் பற்றிய குறை மெய்யானது. அதற்கு ஸ்க்ராட்சின் ஆஃப்லைன் செயலி இருக்கிறது. அதில் செய்த கோப்பை இணையம் கிடைக்கும் நாளில் ஏற்றிக்கொள்ளலாம். சர்வரை மட்டுமே நம்புவதும் தவறு. கடவுச்சொல் மறந்தாலோ கணக்கு முடங்கினாலோ ஆண்டு முழுக்கச் செய்தது கைவிட்டுப் போகும்.

தமிழக அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஸ்க்ராட்சுக்கும் இடம் உண்டு. அதை மதிப்பெண் வினாவாக மட்டும் நடத்தாதீர்கள், ஆசிரியர்களே. ஒரு வகுப்பிலாவது பிறர் படைப்பைத் திறந்து, மாற்றி, நன்றி எழுதிப் பகிரச் சொல்லுங்கள். ஒரு பிரதியைப் பள்ளிக் கணினியிலும் சேமிக்கச் சொல்லுங்கள். அதற்கான வசதி 'கோப்பு' மெனுவிலேயே இருக்கிறது.