பட்டினத்தில் பேசி ஊரில் ஊமையாகும் பெட்டி

இடம்பெயர்ந்து ஓரிடத்தில் குடியிருந்துகொண்டு, காணியையும் கிணற்றையும் இன்னோரிடத்தில் வைத்திருக்கும் எமது குடும்பங்களுக்குக் கைத்தொலைபேசியால் இயங்கும் மோட்டார்ப் பெட்டி பெரிய உதவிதான். மன்னாரிலிருந்து ஓர் அழைப்புக் கொடுத்தால் முசலியில் தண்ணீர் இறைபடும். பஸ் காசும் ஒரு நாட்கூலியும் மிஞ்சும். ஆனால் உதவியாகக் கிடைத்த இத்தகைய பெட்டிகளுள் சில, கிணற்றடிக்கு வந்ததும் ஊமையாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். திருத்தக் கொண்டுபோனால் பட்டினத்தில் ஒழுங்காகப் பேசுகின்றன. “பெட்டியில் பிழையில்லை, நீங்கள்தான் வயரை மாறிக் கொடுத்திருப்பீர்கள்” என்ற பதிலோடு விவசாயி திரும்பி வருகிறார்.

இந்தப் பழியை நாம் ஏற்பதற்கில்லை. பெட்டிக்குள் இருக்கும் சிம் கருவி 2ஜி அலையில் பேசும்போது மின்னைத் தொடர்ந்து குடிப்பதில்லை. மிடறு மிடறாகக் குடிக்கிறது. விநாடிக்குச் சுமார் 217 மிடறு. ஒவ்வொன்றும் 0.577 மில்லிவிநாடிதான், ஆனால் அந்தக் கணத்தில் ஏறக்குறைய 2 அம்பியர் கேட்கும். சாதாரண மீற்றர் இதைச் சராசரியாக்கிச் சுமார் கால் அம்பியர் என்று காட்டும். அதை நம்பி அரை அம்பியர் மின்வழங்கியைப் பூட்டிவிடுகிறார்கள். மெல்லிய வயரிலும் துருப்பிடித்த இணைப்பிலும் 0.4 ஓம் தடை இருந்தாலே போதும்: 4 வோல்ற்றில் 0.8 வழியில் கரைந்து 3.2 தான் கருவிக்குப் போய்ச் சேரும். 3.4க்குக் கீழே இறங்கினால் இவற்றுட் பல அணைந்துவிடும். மீண்டும் எழும்பும், கோபுரத்தைத் தேடும், மீண்டும் அணையும். விடிவதற்குள் பற்றரியும் வெறுமையாகும்.

பட்டினத்தில் ஏன் பேசுகிறது? கோபுரம் கிட்ட இருந்தால், மெதுவாகப் பேசினால் போதுமென்று அதுவே கருவிக்குக் கட்டளையிடும். தூரத்து ஊரில் கருவி முழுப் பலத்தோடு, 900 அலைவரிசையில் 2 வாற் வரை, கத்தவேண்டும். ஆகவே சிக்னல் குறைந்த ஊருக்கே தரமான மின்வழங்கி தேவை. அங்குதான் மலிவானது வந்து சேருகிறது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாற் கொள்ளளவுடன் நிற்கும் மாவட்டத்தில், ஒரு பெட்டிக்கு அரை மில்லிவிநாடி மின் போதாமற் போவது வேடிக்கைதான்.

பரிகாரம் பெருஞ்செலவல்ல. 2 அம்பியர் தாங்கும் மின்வழங்கி, தடித்த குறுகிய வயர், கருவிக்கு அருகிலேயே 2200 மைக்ரோபரட் கொள்ளளவி (கடைகளில் கப்பாசிற்றர் என்பார்கள்). கிணற்றடித் தொட்டிபோல அது ஆறுதலாக நிரம்பி, கேட்ட கணத்தில் அள்ளிக் கொடுக்கும். 4ஜியில் மட்டும் பேசும் கருவிகளுக்கு இவ்வளவு பாய்ச்சல் இல்லை. 2ஜிக்கும் இறங்குமானால் பழைய கணக்கேதான்.

பெட்டி தருபவர்கள் அதைத் தங்கள் அலுவலக மேசையில் இயக்கிக் காட்டுவதை நாம் ஏற்கக்கூடாது. உங்கள் கிணற்றடியில், உங்கள் பழைய பற்றரியில், சூரியத்தகடு இன்னும் வெயில் காணாத விடியற்காலையில் பத்துத் தடவை அழைத்துப் பாருங்கள். பத்துக்கும் மறுமொழி வந்த பின்னர் பற்றுச்சீட்டில் கையொப்பமிடலாம்.